கூலி வராத வாரம்

கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. கட்டட வேலைக்கும் காய்கறிக் காட்டு வேலைக்கும் போகிறவர்களில் பலருக்கு அதற்கு முந்தின நாள் சாயங்காலமே கூலி கைக்கு வந்துவிடும். அந்தப் பணம் சந்தையில் கரைவதற்குள் ஓர் இரவு இருக்கிறது. கடன் கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் அந்த இரவின் அருமை தெரியும். வார வட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் தெருவுக்குள் வருவது அப்போதுதான். மளிகைக் கடைக்காரர் நீள நோட்டை எடுத்து மேசைமேல் விரித்து வைப்பதும் அப்போதுதான்.

அந்த நோட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. வீட்டுக்கு ஒரு பக்கம். தலைப்பில் முழுப்பெயர் இருக்காது. ‘டிரைவர் வீடு’, ‘மேட்டு வீட்டுப் பாட்டி’ என்று கடைக்காரருக்கு மட்டும் புரிகிற அடையாளம் இருக்கும். இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. பற்றில் 40, 65, 110 என்று வாரம் முழுக்கச் சிறு தொகைகள். வரவில் வாரத்துக்கு ஒன்றுதான், 800 அல்லது 1,000 என்று முழுத் தொகையாக. புரட்டிக்கொண்டே போனால் ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். இடப்பக்கம் மட்டும் வழக்கம்போல் நிறைந்துகொண்டே போகும்.

மலையில் உழைக்கிறவர்களின் கடனைப் பற்றி எதைப் பேசுவதானாலும் அந்த வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். கடன் பெருகக் காரணம் ஊதாரித்தனம் என்று ஊரில் ஒரு சாரார் சொல்கிறார்கள். கூலி போதாமை என்று இன்னொரு சாரார். இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இரு சாராரும் கூலி வருகிற வாரத்தை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். கடன் முளைப்பது கூலி வராத வாரத்தில்.

பழனிமலைத் தொடரை உள்ளூர்க்காரர்கள் மேல்மலை, கீழ்மலை என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எல்லாம் மேல்மலை. பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ் விளைகிற ஊர்கள் இவை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இங்கிருந்துதான் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர் பக்கம் கீழ்மலை. காபி, மிளகு, மலைவாழை, சௌசௌ, ஆரஞ்சு என்று தோட்டப் பயிர்கள். இரண்டுக்கும் நடுவே கொடைக்கானல் நகரம், சீசனை நம்பிப் பிழைக்கிறது. ஆக மூன்று விதமான வேலைச் சந்தைகள். மூன்றுக்கும் காலண்டர் வேறு வேறு. காபிப் பழம் பறிப்பு கார்த்திகை வாக்கில் தொடங்கி மாசி வரை இழுக்கும். பூண்டு நடவுக்கும் எடுப்புக்கும் ஆள் நிறைய வேண்டும், இடையில் அவ்வளவு வேண்டாம். நகரத்தில் ஏப்ரல், மே இரண்டு மாதம் ஆள் கிடைக்காது. ஜூலையில் ஆளுக்கு வேலை கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் மலையைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்து, மின்சாரம் அறுந்து, பாதைகள் அடைபட்டன. கூலிக்காரர் வீட்டில் அது புயலாகவும் வந்தது, கூலி இல்லாத நாட்களாகவும் வந்தது.

இதை எண்களில் வைத்துப் பார்க்கலாம். கீழே வருவது எந்த ஒரு வீட்டின் கணக்கும் இல்லை. மலையில் நடப்பது விளங்குவதற்காக நானே போட்டுப் பார்த்தது. புருஷன், பெண்சாதி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஆணுக்கு நாள் கூலி 500, பெண்ணுக்கு 350 என்று வைத்துக்கொள்வோம். (ஒரே காட்டில் ஒரே களையை எடுத்தாலும் இந்த வித்தியாசம் இருக்கும். சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்தாயிற்று.) வாரம் 5 நாள் வேலை கிடைத்தால் இருவருக்கும் சேர்த்து 4,250 ரூபாய். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதை வாரமாக்கினால் 230.

செலவுக்கு வருவோம். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. இது இல்லாவிட்டால் இந்தக் கணக்கே நிற்காது. அதற்கு மேல் கடையில் வாங்கும் மளிகைக்கு 950. காய்கறி, கருவாடு, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு 500. காஸுக்கும் விறகுக்கும் 200. பஸ், செல்போன் 300. பள்ளிக்கூடச் செலவு, மருந்து மாத்திரை 350. டீ, பீடி, வெற்றிலை 250. மொய்யும் கோயில் வரியும் வாரமாக்கினால் 250. மொத்தம் 2,800. குறைக்கலாம் என்று ஒவ்வொன்றையும் காட்டிச் சொல்லலாம்தான். மொய்யைக் குறைக்கச் சொல்கிறவர் மலையில் ஒரு கல்யாணத்துக்கு வெறுங்கையோடு போய்விட்டு வந்து பிறகு சொல்லட்டும்.

முழு வேலை கிடைத்த வாரத்தில் கையில் மிஞ்சுவது 1,680. இந்த வீட்டில் இரண்டு தவணை ஓடுகிறது: மகளிர் குழுவாகச் சேர்ந்து எடுத்த லோனுக்கு வாரம் 600, வார வட்டிக்காரருக்கு 1,000. கூட்டினால் 1,600. சரியாகப் பொருந்துகிறது, 80 ரூபாய் மிச்சமும் உண்டு. கடன் கொடுக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து போட்ட கணக்கும் இதுதான். வாங்கியவர் மனசுக்குள் போட்ட கணக்கும் இதுதான்.

வருஷத்தின் 52 வாரத்தில் முழு வேலை கிடைப்பது 38, பாதி வேலை 8, ஒன்றுமே இல்லாதது 6 என்று வைத்துப் பாருங்கள். மழை, காய்ச்சல், திருவிழா, கருமாதி, பாதையில் மண்சரிவு எல்லாம் சேர்ந்தால் இது அதிகமில்லை. பாதி வாரத்தில் 2,125ம் 230ம் வரும். செலவு அதே 2,800. துண்டு விழுவது 445. கூலியே வராத வாரத்தில் துண்டு 2,570. எட்டு வாரத்துக்கும் ஆறு வாரத்துக்கும் கூட்டினால் வருஷத்துக்கு 18,980 ரூபாய். தவணை ஒரு காசு கட்டாமலே இவ்வளவு. இதை நல்ல வாரங்கள் 38ம்தான் சுமந்தாக வேண்டும், வாரத்துக்கு 500 ரூபாய் வீதம். ஆகவே 1,680 என்று தோன்றிய மிச்சம் மெய்யாகவே 1,180தான். 1,600 கட்ட ஒப்புக்கொண்ட வீடு வாரா வாரம் 420 ரூபாய் இல்லாத பணத்தை வாக்குக் கொடுத்திருக்கிறது. இந்தப் பிசகு 38 வாரம் கண்ணுக்குத் தெரியாது. மழை வாரத்தில்தான் வெளியே வரும். அதற்குப் பெயர் அடுத்த கடன்.

வார வட்டியின் சூட்சுமம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். 10,000 ரூபாய்க் கடன். கொடுக்கும்போதே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். வாரம் 1,000 வீதம் 10 வாரம் கட்ட வேண்டும். ‘நூற்றுக்குப் பதினைந்துதானே’ என்று தோன்றும். ஆனால் 8,500ம் பத்து வாரமும் நம்மிடம் இருக்கவில்லை. முதல் வாரத்திலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வகையில் கணக்கிட்டால் வாரத்துக்கு நூற்றுக்கு 3 ரூபாய்க்கு மேல் வட்டி, ஆண்டுக்கு ஏறத்தாழ 160 சதவீதம். ஏழாவது வாரத்தில் பணமுடை வந்தால் பாக்கி மூன்று தவணையைக் கழித்துக்கொண்டு புதுக் கடன் எழுதுவார்கள், மறுபடியும் முன்பிடித்தத்தோடு. தமிழக அரசு 2003இல் கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் அதன் தெருப் பெயராலேயே அழைக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறவர் அடுத்த மழைக்கு யாரிடம் கை நீட்டுவார் என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

‘அக்கா, இந்த வாரம் பாதியாச்சும் குடுங்க, மேல கணக்குச் சொல்லணும்’ என்பான் வசூலுக்கு வரும் பையன். ‘நாலு நாளா மழை தம்பி, பேரே போடல. அடுத்த வாரம் சேத்து வாங்கிக்க’ என்பது பதில். இருவர் சொல்வதும் உண்மை. அந்தப் பையனும் பெரும்பாலும் ஒரு சம்பளக்காரன்தான்.

வேலை இல்லாத வாரத்துக்குப் பணம் கொடுத்து வேலை உள்ள வாரத்தில் பிடித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு மலைத்தோட்டங்களுக்குப் புதிதல்ல. தோட்டத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து அதற்கு முன்பணம் என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு இலங்கைக்குப் போன கங்காணிகள் வழிச்செலவையும் பசி ஆற்றிய செலவையும் ஆளின் பேரில் கடனாக எழுதினார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் அந்தக் கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அப்படித் தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலைக்கு வந்து சேர்ந்தார்கள். மேல்மலையில் குண்டுப்பட்டி அவர்கள் குடியேறிய ஊர்களில் ஒன்று. தேயிலைக் கொழுந்து பறித்துப் பழகிய கைகள் இங்கே வாட்டில் காடுகளில் மரம் வெட்டவும், தோல் பதனிடும் தொழிலுக்காகப் பட்டை உரிக்கவும் போயின. அங்கேயும் காண்டிராக்டரின் முன்பணம் காத்திருந்தது. கடனை அடைக்கும்வரை காட்டை விட்டுப் போக முடியாது என்ற நிலைக்குப் பலர் வந்தார்கள்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் நிறைவேறியது. முந்தின ஆண்டு அவசரச் சட்டமாக வந்ததன் தொடர்ச்சி. முன்பணத்துக்காக உழைப்பையும் நடமாட்டத்தையும் அடகு வைக்கும் எந்த ஏற்பாடும் செல்லாது, அந்தக் கடனும் அன்றோடு அழிந்தது என்றது அது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவையெல்லாம் பெரிய காரியங்கள். ஆளைக் கட்டிவைக்கும் கயிறு அறுந்தது. ஆனால் முன்பணம் எந்த வெற்றிடத்தில் நுழைந்ததோ அந்த வெற்றிடம் அப்படியே இருந்தது. இன்று அதில் வார வட்டிக்காரரும் குழு லோன் நிறுவனமும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடமாட்டத்துக்குத் தடை இல்லை. தவணைக்கு மட்டும் ஊரில் இருக்க வேண்டும்.

பழைய கடனை யாராவது ஒரே நாளில் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு நம் மாநிலத்திலேயே ஒரு விடை உண்டு. சென்னையில் பழமும் காய்கறியும் விற்கும் சிறு வியாபாரிகள் காலையில் 1,000 ரூபாய் கடன் வாங்கிச் சரக்கெடுத்து, சாயங்காலம் 50 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வட்டி சேர்த்துத் திருப்புவார்கள். மூன்று நாள் மட்டும் தினமும் இரண்டு டீயைக் குறைத்து, அந்தக் காசுக்குக் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தால் 90 நாளில் கடனே வாங்க வேண்டாம் என்று பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தங்கள் நூலில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூவரும் அதற்கும் ஒருபடி மேலே போய், சில வியாபாரிகளின் கடனைத் தாங்களே முழுக்க அடைத்துப் பார்த்தார்கள். பிலிப்பைன்ஸிலும் இதே சோதனை நடந்தது. பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் கடனுக்குத் திரும்பிவிட்டார்கள். ஓரிரு ஆண்டு கழித்துப் பார்த்தபோது கடன் அடைக்கப்பட்டவர்களுக்கும் அடைக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

இதைப் படித்துவிட்டு, ‘பார்த்தீர்களா, எவ்வளவு கொடுத்தாலும் திருந்த மாட்டார்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது வேறு. கடன் போனது, கடனைக் கொண்டுவந்த நாள் போகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று முதலில் கை வைப்பது சரக்கெடுக்கும் பணத்தில்தான். கையிருப்பு இல்லாத வீட்டில் கடனை மட்டும் அடைப்பது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது போல.

இதே முல்லைநாதன் சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வும் தமிழ்நாட்டில்தான் நடந்தது. 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன்னால் ஒரு தடவையும் பணம் வந்த பின்னால் ஒரு தடவையும் சந்தித்து அறிவுக்கூர்மைச் சோதனை வைத்தார்கள். அதே ஆள், அதே விதமான சோதனை. கையில் காசில்லாத மாதத்தில் மதிப்பெண் குறைந்தது. 2013இல் இது வெளியானது. மலையில் 10 வாரக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவது எந்த வாரத்தில் என்று யோசித்தால் இதன் தீவிரம் புரியும். நிதானமாகக் கணக்குப் பார்க்க முடிகிற வாரத்தில் யாரும் கடன் வாங்குவதில்லை.

‘வட்டி அதிகமான கடனை முதலில் அடை’ என்பது புத்தகம் சொல்லும் விதி. கணக்குப்படி மறுக்க முடியாது. ஆனால் மலையில் முதலில் தீர்வது பெரும்பாலும் மளிகைக் கடைப் பற்றுதான். அதற்கு வட்டியே இல்லை. இது புத்தியில்லாத காரியம்போலத் தெரியும். வெற்றுப் பக்கத்தை நினைத்துப் பார்த்தால் தெரியாது: கூலி இல்லாத வாரத்தில் அரிசிக்கு மேல் எண்ணெயும் புளியும் கொடுக்கப் போகிறவர் கடைக்காரர் ஒருவர்தான். அவரிடம் நாணயம் கெடக் கூடாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து தென்னார்க்காட்டுக் கிராமங்களில் பல ஆண்டு ஆய்வு செய்த இசபெல் கெரான் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மக்கள் கடனை வட்டியால் மட்டும் தரம் பிரிப்பதில்லை. யாரிடம் வாங்குவது, வாங்கினால் எவ்வளவு தலைகுனிய வேண்டும், மறுபடி கேட்டால் கிடைக்குமா என்றெல்லாம் பார்த்தே பிரிக்கிறார்கள். அவர் சந்தோஷ் குமார், வெங்கடசுப்பிரமணியன் இருவரோடும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட நூல், கடனைச் சமாளிக்கும் வேலையே பெண்களின் தலையில் ஒரு முழுநேரத் தொழிலாக ஏறியிருப்பதைக் காட்டுகிறது.

பெண்கள் இதற்குத் தாங்களே கண்டுபிடித்த வழிகளும் உண்டு. தீபாவளிச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தொகை வீதம் வருஷம் முழுக்கக் கட்டினால் பண்டிகைக்குப் பட்டாசு, இனிப்பு, எண்ணெய், சில சமயம் ஒரு பாத்திரம். வட்டி கிடையாது, நடத்துகிறவருக்கு லாபம் உண்டு. பொருளாதாரம் படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஏழைகளின் சேமிப்பை ஆய்ந்த ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்ட் விஜயவாடாவின் குடிசைப் பகுதியில் இதைவிட விசித்திரமான ஒன்றைப் பார்த்தார். அங்கே ஓர் அம்மாள் வீடு வீடாகப் போய் நாளுக்கு 5 ரூபாய் வாங்கி 220 கட்டமுள்ள அட்டையில் குறித்துவந்தார். 1,100 ரூபாய் சேர்ந்ததும் 1,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். சேமிக்கிறவர்தான் வட்டி கொடுத்தார்! வீட்டு வாசலுக்கு வந்து, விடாமல் கேட்டு, வாங்கிப் பத்திரமாக வைத்துத் தருகிற அந்த வேலைக்கு 100 ரூபாய் கொடுக்க அந்தப் பெண்கள் தயாராக இருந்தார்கள்.

தீபாவளி வருவது மழை பிடித்துக்கொண்ட ஐப்பசியில். அதாவது மலையில் வேலை படுக்கிற காலத்துக்கென்று வருஷம் முழுக்க வாரா வாரம் சேமிக்கும் ஒரு பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. முதிர்வில் கைக்கு வருவது மட்டும் பட்டாசாக இருக்கிறது. அதே சீட்டு, அதே வாரத் தொகை, பாதிக்குப் பொருளும் பாதிக்கு ஐப்பசி முதல் வாரத்தில் ரொக்கமும் என்று நடத்தினால் மேலே சொன்ன 18,980 ரூபாயில் ஒரு பெரும் பங்கு அதிலேயே அடங்கும். நடத்துகிறவர் ஊரை விட்டு ஓடாதவராக இருக்க வேண்டும் என்பது உண்மைதான். சீட்டுக் கட்டி ஏமாந்த கதை இல்லாத தெரு மலையிலும் கிடையாது.

அந்த நம்பிக்கையைக் கட்டத்தான் மகளிர் குழுக்கள் வந்தன. 1989இல் தருமபுரியில் தொடங்கின. பக்கத்து மதுரையில் 1990இல் களஞ்சியம் இயக்கம் தலையெடுத்தது. அதன் முகமாக ஊரறிந்தவர் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை. கூலிக்காரப் பெண்களின் கொத்துத் தலைவியாக நிலக்காரர்களிடம் கூலி பேசி முடித்தவர் அவர். பிறகு அதே பெண்களைச் சேர்த்துச் சேமிப்பு நடத்தினார். ஸ்திரீ சக்தி விருது கொடுத்த வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதை நாடே பார்த்தது. 2019இல் பத்மஸ்ரீ. கூலியும் சேமிப்பும் ஒரே கையில் இருந்தது என்பதே அவர் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்று ‘குழு’ என்று மலையில் சொல்லும்போது பாதி நேரம் அது சேமிப்புக் குழுவைக் குறிப்பதில்லை. பத்துப் பெண்களை ஒருவருக்கொருவர் ஜாமீனாக நிறுத்தி லோன் கொடுத்து வசூலிக்கும் நிதி நிறுவனத்தின் குழுவையே குறிக்கிறது. முன்னதில் பணம் உள்ளேயே சுற்றும், ஒருத்தியின் மழை வாரத்துக்கு மற்றவர்கள் பொறுப்பார்கள். பின்னதில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் அவள் வாசலில் நிற்பார்கள்.

நகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் மழைக்கால நிதி என்பது பெரும்பாலும் கழுத்திலோ காதிலோதான் இருக்கிறது. நம் கணக்கு வீட்டில் 30,000 ரூபாய்க்கு நகை அடகில் இருக்கிறது, மாதம் 2 ரூபாய் வட்டி என்று வையுங்கள். 10 வாரக் கடனை முடித்துவிட்டு, எவ்வளவு முடை வந்தாலும் மறுபடி எழுதாமல் விட்டால், 1,180இல் குழு லோன் 600 போக வாரம் 580 மிஞ்சும், வருஷத்துக்கு 22,040. அதை நகைக்குக் கட்டினால் சுமார் 20 மாதத்தில் மீட்கலாம். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ 10 சதவீத வட்டிக்கு மாற்றி வைத்தால் இரண்டு மாதத்துக்கு மேல் முன்னதாகவே மீளும்; 4,000 ரூபாய் மிச்சம். 2021இல் அரசு கூட்டுறவுச் சங்கங்களில் 5 சவரன் வரையிலான நகைக் கடனைத் தகுதி பார்த்துத் தள்ளுபடி செய்தபோது தனியார் அடகுக் கடைக்குப் போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் போகிறார்கள். அடகுக் கடை இரவு எட்டு மணிக்கும் திறந்திருக்கும். கீழ்மலைத் தோட்டத்திலிருந்து சங்கத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும்.

டாஸ்மாக்கைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க் கணக்கு. மேலே போட்ட 2,800இல் சாராயத்துக்கு ஒரு ரூபாயும் இல்லை. தினம் ஒரு குவார்ட்டர் என்று சேர்த்தால் 1,180 என்பது காணாமலே போய்விடும். பட்ஜெட் பேச்சு அங்கேயே முடிந்தது. குளிரும் உடல்வலியும் காரணம் என்பார்கள். அதே குளிரில் அதே வலியோடு அதே வீட்டில் இன்னொருத்தியும் இருக்கிறாள். உரிமைத் தொகை அவள் கணக்கில் நேரே விழுவது நல்லதாகப் போயிற்று. அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைக் கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளுக்கும் விரிப்பதாக 2024 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இப்படி வருகிற பணமும் மிச்சமாகிற பணமும் வாரக் கூலியோடு கலக்காமல் தனியே நின்றால் அந்த 500 ரூபாய்க்குப் பாதி வந்துவிடும். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் நாளொன்றுக்கு 336 ரூபாய் என்று இருந்தது. அது காலியான வாரத்தை நிரப்பப் பொருத்தமான ஏற்பாடுதான், கூலி அதே வாரத்தில் வந்தால்.

குடும்பம் செய்யக்கூடியது இவ்வளவு: முதலில் மழைக்கு ஒதுக்குவது, அப்புறம் தவணை, 10 வாரக் கடனை மறுபடி எழுதாமல் விடுவது, நகையை இடம் மாற்றுவது. மிச்சம் கடன் கொடுப்பவர்களின் பக்கம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வகுத்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துக்குச் சிறுகடன் கொடுக்கும்போது, அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதுகாப்பாகத்தான் தெரிகிறது. நம் வீட்டின் ஆண்டு வருமானம் உரிமைத் தொகையோடு 1,90,500; மாதத்துக்கு 15,875; அதில் பாதி 7,900க்கு மேல். அந்த வீடு மெய்யாகக் கட்டக்கூடியது மாதம் 3,740. விதியை மீறாமலே ஒரு நிறுவனம் அந்த வீட்டை இரண்டு மடங்கு மூழ்கடிக்கலாம். அதுவும் வருமானத்தைச் சரியாக எழுதினால். சீசன் மாதத்தில் வந்து ‘வாரம் எவ்வளவு வருது’ என்று கேட்டு 52ஆல் பெருக்கினால் இன்னும் மோசம்.

தவணையைத் தளர்த்தினால் கட்ட மாட்டார்கள் என்ற பயம் நிறுவனங்களுக்கு உண்டு. கொல்கத்தாவில் பொருளாதார ஆய்வாளர்கள் எரிக்கா ஃபீல்டும் ரோகிணி பாண்டேயும் மற்றவர்களும் இதைச் சோதித்தார்கள். வாரத் தவணையை மாதத் தவணையாக மாற்றியபோது பெண்களின் மன உளைச்சல் பெரிதும் குறைந்தது, பாக்கி கூடவில்லை. கடன் கொடுத்ததும் இரண்டு மாதம் விட்டுப் பிடித்தபோது தொழிலில் வருமானம் கூடியது, ஆனால் கட்டாமல் போனவர்களும் கூடினார்கள். ஆகத் தளர்வு என்றால் எந்தத் தளர்வு என்று பார்க்க வேண்டும். மலைக்கு வேண்டியது தொடக்கத்தில் இரண்டு மாதம் இல்லை. தவணை அட்டையில் ஐப்பசி, கார்த்திகைக் கட்டங்களில் ஆறை வெறுமையாக விட்டு, அந்தத் தொகையைத் தை, மாசியில் பரப்பினால் போதும்.

இது கேட்காத சலுகையும் இல்லை. மேல்மலையில் பூண்டு போடும் விவசாயிக்குக் கூட்டுறவுச் சங்கம் பயிர்க்கடன் கொடுக்கிறது. திருப்பிக் கட்டும் நாளை அறுவடைக்குப் பிறகு வைக்கிறது. சொன்ன தேதிக்குள் கட்டிவிட்டால் தமிழகத்தில் அந்தக் கடனுக்கு வட்டியே கிடையாது. அதே பாத்தியில் அந்தப் பூண்டை நட்டுக் களையெடுத்துப் பிடுங்கிக் கட்டுகிற பெண்ணுக்கும் மழையும் அறுவடையும் அதே மாதத்தில்தான் வருகின்றன. அவளுடைய தவணை மட்டும் வாரா வாரம் வருகிறது, நூற்றுக்கு வாரம் 3 ரூபாய் வட்டியோடு.